ஆறு மாதம் யாரும் தொடாதவை

ஜூன் 9, திங்கள்

படுத்தால் கண்ணுக்குள் சிவப்பு எழுத்துகள் ஓடுகின்றன. அதனால் எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிரசவ விடுப்பு முடிந்து இன்று வேலைக்குத் திரும்பினேன். காலையில் சரவணம்பட்டியில் தனலட்சுமி அக்கா நடத்தும் கிரெஷ்ஷில் குழந்தையை விட்டேன். நறுமுகை என்று எழுதிக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு அக்கா, "கூப்புடறதுக்கு என்னங்க?" என்றார்.

"முகி."

"அப்படிச் சொல்லுங்க. இத்தனாம்பெரிய பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள சோறு ஆறிப் போயிரும்."

முகி அக்காவின் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுப்பதில் மும்முரமாக இருந்தாள். நான் கிளம்பியதைக் கவனிக்கவே இல்லை.

ஆபீஸில் புது லேப்டாப் கொடுத்தார்கள். பழையதை நான் விடுப்பில் போன அன்றே வாங்கி, சுத்தமாக அழித்து, வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். என் பழைய மாடியூலை இறக்கி பில்டு போட்டேன். வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு கிளெய்ம் தொகை கணக்கிடும் மாடியூல். நான்கு வருடம் நான் வளர்த்தது. ஓடவில்லை.

பில்டு என்றால் என்ன என்று கல்யாணமான புதிதில் கோகுலுக்கு விளக்கியிருக்கிறேன். நாங்கள் எழுதுவது கொஞ்சம்தான். மீதியெல்லாம் வேறு யாரோ எழுதிக் கட்டிவைத்த பொட்டலங்கள்; ஜார் என்போம். எங்கள் புராஜெக்ட்டுக்கு என்னென்ன ஜார் வேண்டுமோ அவற்றை மேவன் என்ற கருவி கம்பெனி சர்வரில் போய் எடுத்துவந்து, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும். "மளிகைக் கடைக்கு ஆள் அனுப்பற மாதிரி" என்றார் கோகுல். இன்று அந்த ஆள் வெறும் பையோடு திரும்பி வந்தான். ஐந்து ஜார்கள் கிடைக்கவில்லை.

மதியம் டீம் லீடு ஜெயப்பிரகாஷ் கூப்பிட்டார். "பாப்பா எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் விஷயத்துக்கு வந்தார். கிளையன்ட் ஆளைக் குறைக்கிறான். இனி இந்த மாடியூலுக்கு ஒருவர்தான். நானா ஷர்மிளாவா என்று மாதக் கடைசியில் அவர் சொல்ல வேண்டும்.

"வினோதினி, நீங்க நாலு வருஷம் பாத்தவங்க. ஆனா நடுவுல ஒரு கேப்பு விழுந்துருச்சில்லீங்க. மொதல்ல பில்டை ஓட வெச்சுக் காமிங்க. அப்புறம் பேசிக்கலாம்."

சரிங்க சார் என்றேன். இரண்டு நாள் வேலை என்று நினைத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஷர்மிளாவும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். என் வளைகாப்புக்கு லீவு போட்டு வந்து ஏழுவகைச் சாதமும் கட்டியவள். நான் இல்லாதபோது என் மாடியூலைப் பார்த்துக்கொண்டதும் அவள்தான். இரண்டு பேரில் ஒருவர் என்று அவளிடமும் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

"உனக்கு ஓடுதாடி?" என்று கேட்டேன்.

"என் மெஷின்லயும் அதே எரர்தான். நானும் மண்டைய ஒடச்சுப் பாத்துட்டேன், விடு."

எந்தெந்த ஜார் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று நாற்காலியை அவள் பக்கம் இழுத்தேன். லேப்டாப்பை மூடிவிட்டு, "வா, டீ குடிச்சிட்டு வரலாம். மூஞ்சியப் பாரு, செத்துப் போய்க் கெடக்கு" என்று கையைப் பிடித்து எழுப்பினாள். முகிக்கு ஒரு ரோஸ் கலர் கவுன் வாங்கி வந்திருந்தாள். அளவு சரியாக இருக்கிறது.

ஜூன் 11, புதன்

பால் எடுக்க இடம் இல்லை. முதலுதவி அறைக்குச் சாவி இல்லையாம். செக்யூரிட்டி, ஹெச்ஆர், அட்மின் என்று மூன்று பேரிடம் அனுப்பினார்கள். கடைசியில் யூபிஎஸ் அறையில், பேட்டரிகளுக்கு நடுவே, ஷாலைப் போர்த்திக்கொண்டு எடுத்தேன். பாட்டிலை பேன்ட்ரி ஃபிரிட்ஜில் வைத்தேன். சாயங்காலம் போனால் பாதிதான் இருந்தது. டெஸ்டிங் டீம் பையன்கள் டீ போட்டிருக்கிறார்கள்.

யாரிடமும் சொல்லவில்லை. அவர்களிடம் டீ நன்றாக இருந்ததா என்று கேட்கலாமா என்று மட்டும் ஒரு கணம் தோன்றியது.

ஜூன் 12, வியாழன்

காரணம் தெரிந்துவிட்டது.

போன மாதம் கம்பெனி சர்வரில் இடம் போதவில்லை என்று ஒரு சுத்திகரிப்பு வைத்திருக்கிறார்கள். விதி எளிது: ஆறு மாதமாக யாரும் இறக்காத ஜார்களை அழித்துவிடு. அழிக்கும் முன் 'வேண்டுமென்றால் சொல்லுங்கள்' என்று எல்லோருக்கும் மெயில் போயிருக்கிறது. விடுப்பில் என் மெயிலை முடக்கி வைத்திருந்தார்கள். ஆறு மாதமாக அந்த ஜார்களை இறக்க நானும் இல்லை.

ஐந்தில் நான்கு பொதுவில் கிடைப்பவை, வெளியிலிருந்து எடுத்துவிட்டேன். அதுவும் சும்மா நடக்கவில்லை. ஒன்றைக் கொண்டுவந்தால் அது தனக்கு வேறு இரண்டு வேண்டும் என்கிறது. கொண்டுவந்து வைத்த பிறகும் மேவன் இல்லை என்றே சொன்னது. ஒருமுறை தேடிக் கிடைக்கவில்லையென்றால் அதை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி தேடவே தேடாது. வற்புறுத்தித் தேடச் சொல்ல வேண்டும். எங்கள் மாமியார் வீட்டில் இப்படி இரண்டு பேர் உண்டு.

மிச்சம் ஒன்று. கிளெய்ம் தொகையைக் கணக்கிடும் ஜார், அதுதான் உயிர். ஒரு சின்னக் கம்பெனியிடம் வாங்கியது. அந்தக் கம்பெனியை மூடி வருஷங்கள் ஆகிவிட்டன. அதை மறுபடி கட்டுவதற்கான மூலநிரலை அவர்கள் தரவே இல்லை. உலகத்தில் வேறு எங்கும் கிடைக்காது.

ஜூன் 13, வெள்ளி

முகிக்கு முதல் பல். அக்கா வீடியோ அனுப்பினார். மீட்டிங்கில் இருந்ததால் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன்.

ஜூன் 16, திங்கள்

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த ஜார் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொம்மையைச் செய்து வைத்தேன். அதே பெயர், அதே வாசல்கள், உள்ளே ஒன்றும் கிடையாது. பில்டின் முதல் பாதி ஏமாந்தது. சோதனைகள் ஓட ஆரம்பித்ததும் எல்லாம் சிவப்பு. எந்த கிளெய்முக்கும் தொகை பூஜ்யம்.

ஜெயப்பிரகாஷ் பின்னால் வந்து நின்று பார்த்தார். "என்னுங்க, எல்லாருக்கும் பூஜ்யம் குடுத்தா கிளையன்ட்டு சந்தோஷமாயிருவானே" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஷர்மிளா சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 17, செவ்வாய்

கிளையன்ட் பக்கத்திலிருந்து ஒரு பழைய மெயிலை எனக்கும் அனுப்பினார்கள். மே மாதம் என் மாடியூலில் ஒரு சின்னப் பிழையை ஷர்மிளா திருத்திக் கொடுத்ததற்கு நன்றி சொல்லி எழுதியது. திருத்தம் மே 30 அன்று போயிருக்கிறது. சர்வரைச் சுத்தம் செய்தது மே 26.

திருத்திக் கொடுக்க வேண்டுமென்றால் பில்டு போட்டாக வேண்டும். எப்படிப் போட்டாள் என்று கேட்க நினைத்தேன். அவளுக்கு இன்று தலைவலி. அவள் தம்பிக்கு வேறு காலேஜ் சீட் அலைச்சல். அந்த வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். கேட்க மறந்துவிட்டேன்.

ஒரு ஜார் ஒருமுறை ஒரு மெஷினில் இறங்கிவிட்டால் அங்கேயே கிடக்கும். மறுபடி சர்வரிடம் கேட்காது. சர்வருக்கும் அது பயன்பாட்டில் இருப்பது தெரியாது. இதைப் படிப்பவர் யாரும் இல்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

முகிக்கு நேற்று இரவிலிருந்து காய்ச்சல். காய்ச்சல் இருந்தால் கிரெஷ்ஷில் விடக் கூடாது என்பது விதி. காலையில் கோகுலிடம், "இன்னைக்கு ஒரு நாள் நீங்க லீவு போடறீங்களா?" என்றேன்.

"ஆடிட்டிங்டி. உனக்கே தெரியும்."

"எனக்கும் மாசக் கடைசிதானுங்க."

"அந்த பில்டா? அதென்ன ஓடலீன்னா பிளேன் விழுந்துருமா?" சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னார். கோபமாகக்கூட இல்லை. "ஒரு நாள் போகலைன்னா எடுத்துருவாங்கன்னா அப்படி ஒரு வேலை எதுக்கு?"

மருந்து கொடுத்தேன். சூடு இறங்கியதும் முகம் துடைத்து, ரோஸ் கவுனைப் போட்டு, கிரெஷ்ஷில் விட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். பதினொரு மணிக்கு அக்கா போன் செய்தார்.

"கண்ணு, உடம்பு சுடுது. வந்து கூட்டிட்டுப் போயிருங்க." கொஞ்சம் நிறுத்தி, "காத்தாலயே மருந்து வாசம் அடிச்சுதுங்க. நானும் மூணு பெத்தவதான். நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றார்.

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஜூன் 20, வெள்ளி

டாக்டர் வீட்டில் டோக்கனுக்குக் காத்திருந்தபோது தோன்றியது. மாடியூல் இன்றும் கிளையன்டுக்கு ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? தினம் ஆயிரக்கணக்கான கிளெய்ம்களுக்குத் தொகை சொல்கிறதே! அப்படியென்றால் அந்த ஜார் ஓடும் சர்வரின் வயிற்றுக்குள் இருந்தாக வேண்டும். கட்டி அனுப்பிய மூட்டையில் எல்லா ஜாரும் சேர்ந்துதான் போகும். இத்தனை நாள் கடையிலேயே தேடினேன். சமைத்து வைத்த சட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

முகியைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கிருந்தே, ஓடும் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் இப்ராகிமுக்குப் போன் செய்தேன். சென்னையில் இருக்கிறார்.

"மேடம், ஓடற வண்டில டயரைக் கழட்டச் சொல்றீங்க."

"கழட்ட வேணாம் பாய். ஒரு காப்பி எடுத்துக் குடுங்க போதும்."

"அது யாரு பாப்பா அழுவுறது?"

"என் பொண்ணு. காய்ச்சல்."

"லீவுலயா இருக்கீங்க? லீவுல இருந்துகிட்டு டயர் கழட்டுறீங்களா? சரி சரி, முறையா ஒரு ரிக்வெஸ்ட் போடுங்க. திங்கக்கிழமை எடுத்துத் தர்றேன்."

ஜூன் 23, திங்கள்

வந்தது. வைத்தேன். ஓடியது.

கடைசி வரி பச்சையில் வந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, இன்னொரு முறை முதலிலிருந்து ஓட்டினேன். மறுபடியும் பச்சை. முகிக்கும் காய்ச்சல் விட்டுவிட்டது. இன்று நிறைய எழுத வேண்டும் என்று நினைத்தேன். தூக்கம் வருகிறது.

ஜூன் 24, செவ்வாய்

ஜெயப்பிரகாஷ் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டிக் காட்டினேன். எங்கிருந்து எடுத்தேன் என்று சொன்னதும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஷர்மிளா குடுக்கலீங்களா?"

"இல்லீங்க சார். அவகிட்டயும் இல்லை."

சிரித்தார். "இருந்துச்சுங்க. ஆரம்பத்துல இருந்தே அவங்க மெஷின்ல இருந்துச்சு. நான்தான் குடுக்க வேண்டாம்னு சொல்லியிருந்தேன்."

லேப்டாப்பை மூடினேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நான் எதையும் அழிக்கச் சொல்லலை, அது தானா அமைஞ்சுது. ஆறு மாசம் வீட்ல இருந்தவங்க. பழைய வேகம் இருக்கா, இல்லை பாப்பா, பாலுன்னு மனசு அங்கயே நிக்குதான்னு தெரியணும்ல? மேல கேட்டா நான் என்ன சொல்றது? இப்பத் தைரியமாச் சொல்லுவேன். நீங்கதான். ஷர்மிளாவை வேற எங்கயாவது போடச் சொல்றேன்."

வாழ்த்துகள் என்று கை நீட்டினார். குலுக்கினேன். ஆம், குலுக்கினேன்.

"ஒண்ணே ஒண்ணு. அந்த ஜாரை சர்வர்ல ஏத்திராதீங்க. மாலதி அடுத்த மாசம் வர்றாங்க." மாலதி எங்கள் டீம்தான், ஜனவரியில் பிரசவத்துக்குப் போனவள். "அவங்க மாடியூலுக்கும் இதேதான் வேணும். அங்கயும் ஒரு ஆளுதான் வெச்சுக்க முடியும். அவங்களும் எப்படின்னு ஒருக்காப் பாத்துக்கலாம்."

லிஃப்ட் அருகே ஷர்மிளா நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"சொல்லிட்டாரா?"

"காய்ச்சல் புள்ளையக் கொண்டுபோய்க் கிரெஷ்ல விட்டேன்டி. உனக்குத் தெரியும். அன்னிக்கு உன்கிட்ட சொன்னேன்."

"அவர் சொல்லும்போது நான் என்ன பண்ண முடியும்? என் வீட்டு நிலைமை உனக்குத் தெரியாதா?" குரல் உயர்ந்து, உடனே தணிந்தது. "ஒண்ணு கேக்கறேன். என் எடத்துல நீ இருந்தா குடுத்திருப்பியா?"

"குடுத்திருப்பேன்."

லிஃப்டில் போகப் பிடிக்காமல் படியில் இறங்கினேன். இரண்டாவது மாடி வருவதற்குள் அந்தப் பதில் எனக்கே அவ்வளவு உறுதியாக இல்லை.

ஜூன் 25, புதன்

கோகுலிடம் இடம் எனக்குத்தான் என்று மட்டும் சொன்னேன். "நான் சொல்லலை? சும்மா பயந்துக்கிட்டே" என்றார். மற்றதைச் சொல்லவில்லை. சொன்னால் எந்தப் பக்கம் பேசுவார் என்று தெரியும்.

மதியம் ஜாரை சர்வரில் ஏற்றினேன். இனி அழிக்கக் கூடாது என்ற குறிப்போடு. இன்ன இடத்தில் இருக்கிறது, இப்படி எடுங்கள் என்று டீம் முழுவதுக்கும் மெயில் போட்டேன். மாலதியின் ஆபீஸ் மெயில் முடங்கியிருக்கும் என்று தெரியும். அவளுடைய சொந்த மெயிலுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன்.

நல்ல மனசு என்று இதற்குப் பெயர் வைக்க மாட்டேன். மாலதியை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. என் வளைகாப்பில் ஃபோட்டோ எடுக்கும்போது, "வயிறு கீழ எறங்கியிருக்கு, பொண்ணுதான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னவள். அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது அவளை நினைக்கவே இல்லை. நான் குலுக்கிய கையைத்தான் நினைத்தேன்.

மெயில் போன சிறிது நேரத்தில் ஜெயப்பிரகாஷ் கண்ணாடிக் கதவு வழியாக என்னைப் பார்த்தார். கூப்பிடவில்லை.

ஜூன் 30, திங்கள்

இடம் ஷர்மிளாவுக்கு.

நான் பெஞ்சில். எந்த புராஜெக்ட்டும் இல்லாதவர்களை இரண்டாவது மாடியில் வரிசையாக உட்கார வைப்பார்கள். வேறு புராஜெக்ட் கிடைக்கும்வரை இருக்கலாம். கிடைக்காவிட்டால் ஹெச்ஆரிலிருந்து கூப்பிட்டு, நீங்களாகவே எழுதிக் கொடுத்தால் நல்லது என்பார்கள்.

"வேலையெல்லாம் சுத்தமாப் பண்றீங்க. அதுல குறையே இல்லைங்க" என்றார் ஜெயப்பிரகாஷ். "டீமோட சேந்து போற பழக்கம்தான் கொஞ்சம் பத்தலை." டீம் முழுவதுக்கும் நான் போட்ட மெயில் அவருடைய திரையில் திறந்தே இருந்தது.

ஷர்மிளா வாட்ஸாப்பில் ஒரு வரி அனுப்பினாள்: வாய மூடிட்டு இருந்தா உனக்குத்தானடி கெடச்சிருக்கும்.

அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறாள் என்பதுதான் தாங்க முடியவில்லை.

கோகுல் செய்தியைக் கேட்டதும் வருத்தப்பட்டார். சாப்பிட்டு முடிப்பதற்குள் வருத்தம் தீர்ந்துவிட்டது. "ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. கிரெஷ்ல இருந்து முகிய எடுத்துரலாம். உனக்கும் நிம்மதி" என்று எனக்கு இன்னொரு தோசை எடுத்து வைத்தார்.

ஜூலை 14, திங்கள்

பெஞ்சில் இன்றும் ஒன்றும் இல்லை. சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். முகியைத் தூங்க வைத்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மாலதி போன் செய்தாள்.

"அக்கா, இன்னிக்குத்தான் சேந்தேன். என்னக்கா, உங்க சீட்ல ஷர்மிளாக்கா உக்காந்திருக்காங்க?"

"நான் மாறிட்டேன்."

"ஓ. அக்கா, ஒரு விஷயம் கேளுங்களேன். எல்லாரும் என்னைப் பயமுறுத்தி வெச்சிருந்தாங்க. திரும்பி வந்தா பில்டு ஓடாது, வினோதினியக்காவே முக்கி முனகித்தான் ஓட்டினாங்கன்னு. எங்க வீட்டுக்காரர்கூட, அந்தக்காவுக்கே அப்படின்னா உனக்கெங்க ஆகும்னாரு. நேத்து ராத்திரி தூக்கமே இல்லை. இன்னிக்குப் போய் உக்காந்து போட்டேன் பாருங்க, டீ ஆறல, அதுக்குள்ள ஓடி முடிஞ்சிருச்சு!"

"நல்லது மாலதி."

"ஜெயப்பிரகாஷ் சார் எல்லார் முன்னாடியும் சொன்னாருக்கா. பிரசவத்துக்குப் போனா எல்லாருக்கும் மூளை மங்கிராது, மாலதியப் பாருங்கன்னு. எனக்கு ஒரே கூச்சமாப் போச்சு." சிரித்தாள். நான் அனுப்பிய மெயிலை அவள் திறந்தே பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை. மேவன் போயிருக்கும், ஜார் இருந்திருக்கும், கொண்டுவந்திருக்கும்.

"கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்கக்கா. உங்களுக்கு மட்டும் ஏன் அவ்வளவு நாளாச்சு?"

மடித்த துணியைப் பிரித்து, மறுபடி மடித்தேன். அவளும் அந்தப் பக்கம் காத்திருந்தாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாள். குத்திக் காட்டுவதற்கு இல்லை.

"பாப்பா அழறா மாலதி. வெக்கறேன்" என்று போனை அணைத்தேன்.

முகி தூங்கிக்கொண்டிருந்தாள்.